நிரூபிக்க வேண்டியது அரசுதான்

ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலிப் பேரூராட்சியில் குடியிருக்கும் ஒருவருக்குச் சொத்து வரி கட்ட ஓர் இணையதளமோ செயலியோ இருக்கிறது. பட்டா, சிட்டா பார்க்க ஒன்று, ரேஷன் அட்டைக்கு ஒன்று, மின்கட்டணத்துக்கு ஒன்று, முதல்வருக்கு மனு அனுப்ப ஒன்று, மழை வெள்ள எச்சரிக்கைக்கு ஒன்று. அத்தனையையும் செல்போனில் ஏற்றிக்கொண்ட பிறகும் அவருக்குத் தெரியாதவை எவை என்று பாருங்கள். இன்றைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வருமா? வி.ஏ.ஓ. ஆபீசில் இருப்பாரா, கூடுதல் பொறுப்பு என்று வேறு கிராமத்துக்குப் போயிருப்பாரா? பட்டா மாறுதலுக்குக் கொடுத்த மனு யார் மேசையில் நிற்கிறது, எதற்காக நிற்கிறது? அம்மாவின் முதியோர் பணம் இந்த மாதம் ஏன் வரவில்லை? இவற்றுக்கு விடை வேண்டுமென்றால் அவர் பழையபடி செருப்பை மாட்டிக்கொண்டு நேரில்தான் போக வேண்டும்.

செயலிகள் மக்களிடம் கேட்கின்றன. பெயர், ஆதார் எண், செல்போன் எண், கைரேகை, முகம், ஓடிபி என்று கேட்டுக்கொண்டே இருக்கின்றன. திருப்பிச் சொல்வது மிகக் குறைவு. கேட்டதைச் சரியாகக் கொடுக்க முடியாதவர் வரிசையிலிருந்து விழுந்துவிடுகிறார். விழுந்ததற்கான பழியும் அவர் தலையிலேயே விழுகிறது: பெயர் பொருந்தவில்லை, ரேகை விழவில்லை, நம்பர் மாறிவிட்டது. தன் வேலையையும் தன் பிழையின் விலையையும் இருப்பவர்களிலேயே எளியவர்மீது இறக்கி வைத்துவிட்டு, அதை மக்கள் வசதி என்று அரசு சொல்லிக்கொள்வது தொழில்நுட்பக் கோளாறு அன்று. அது அநீதி.

நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இணையம் வந்ததால் நெமிலிக்கு நன்மை உண்டு, அது சிறிய நன்மையும் இல்லை. 2019 நவம்பர் 28 அன்று ராணிப்பேட்டை தனி மாவட்டமாகும் வரை, இந்தப் பகுதி மக்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் என்றால் வேலூர்தான். ஒரு சாதிச் சான்றிதழுக்காகவும் வருமானச் சான்றிதழுக்காகவும் கையெழுத்து தேடி மேசை மேசையாக அலைந்த தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. இன்று அந்தச் சான்றிதழ் மின்கையொப்பத்தோடு வருகிறது. பட்டாவின் நகலை எந்த ஊரிலிருந்தும் எடுக்கலாம். மேசைக்கு மேசை கைமாறிய சில்லறைக்கும் பல இடங்களில் வழி அடைபட்டிருக்கிறது. எனவே இணையத்தை மூடிவிட்டுப் பழைய பேரேட்டுக்குத் திரும்புங்கள் என்று யாரும் கேட்கவில்லை. யாரை நினைத்து இவை கட்டப்படுகின்றன என்பதுதான் கேள்வி.

கட்டுகிறவரின் மனத்தில் இருக்கும் மனிதர் யார் என்பதை ஒரு படிவத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். அவருக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு உண்டு. தமிழ்நாட்டில் மிகப் பலருக்குத் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும்தான் உண்டு. அது ஓர் அட்டையில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால் நிற்கும், மூன்றாவதில் விரிந்து முழுப்பெயராகிவிடும். ஒரே ‘ழ’ ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்படும். எழுதியவர்கள் அரசு நியமித்த ஆட்கள். திருத்தித் தர வேண்டியவர் அட்டைக்குச் சொந்தக்காரர். அந்தக் கற்பனை மனிதருக்குச் சொந்தமாக ஒரு செல்போன் உண்டு, எண் மாறுவதே இல்லை, ஓடிபி வரும்போது போன் கையிலேயே இருக்கும். உண்மையான வீட்டில் அந்த எண் மகனுடையது. மகன் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஷிப்டில் நிற்கிறான். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியிருந்த பெண்கள் பாதிக்கும் குறைவு. அதற்குப் பிறகு எண்ணிக்கை கூடியிருக்கும். ஆனால் வீட்டில் போன் இருப்பது வேறு, அந்தப் போன் அவள் கையில் இருப்பது வேறு.

தோல் பகுதியில் இந்தக் கற்பனை மனிதர் இன்னும் வேகமாக உடைந்துபோகிறார். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று நீளும் இந்த வட்டாரத்தில், தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியிலும் குரோம் கரைசலிலும் வருடக்கணக்கில் கை வைத்தவர்களின் விரலில் ரேகை தேய்ந்திருக்கும். களை பறித்தும் நாற்று நட்டும் வயதான நெமிலிப் பெண்களின் விரலும் அப்படியே. ரேஷன் கடை இயந்திரத்தில் அந்த விரலை வைத்தால், துடைத்து வை, வேறு விரல் வை, நாளைக்கு வா என்பதுதான் பதில். உழைத்த அடையாளமே இங்கே அடையாளம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக் காரணமாகிறது. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணுக்கு வேறொரு தொல்லை. பல ஆலைகளில் வேலை நேரத்தில் போன் கையில் இருக்கக் கூடாது. ஓடிபி உயிரோடு இருப்பது சில நிமிடங்கள்தான். அலுவலகம் திறந்திருக்கும் நேரம் முழுக்க அவள் மெஷின் முன்னால் இருக்கிறாள். வேன் அவளை வீட்டில் இறக்கிவிடும்போது அலுவலகம் பூட்டியிருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் நடைமுறையில் அரசைத் தாங்கிப் பிடிப்பவர் யார் என்று பார்த்தால், இ-சேவை மையத்திலும் நெட் சென்டரிலும் டைப் அடிக்கிற இளைஞரோ இளம்பெண்ணோதான். நெமிலி தாலுகாவில் மிகப் பெரும்பாலோருக்கு அரசின் இணையதளம் என்றால் அவர்தான். எந்தக் கட்டத்தில் எந்தத் துறைப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எந்தக் கோப்பை எவ்வளவு சிறிதாக்கினால் தளம் ஏற்றுக்கொள்ளும், எந்த நேரத்தில் சர்வர் நிற்காது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வருவாய்த்துறைச் சான்றிதழ் ஒன்றுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். மனு திரும்பி வந்தால் மறுபடி 60 ரூபாய். ஏன் திரும்பி வந்தது என்று தெளிவாகச் சொல்லாத ஒற்றை வரிக்காக மூன்றாம் முறையும் கட்டுகிறவர்கள் உண்டு. கூடவே ஒரு நாள் கூலி போகிறது. வீட்டிலிருந்தே பெறலாம் என்று விளம்பரம் செய்யப்படும் சேவைக்குப் பின்னால் இந்தச் செலவு எந்த அரசுக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

அரசுக்குள்ளேயே கடைசிப் படியில் இருப்பவர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள் அரசு தந்த போன்களைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். போஷன் டிராக்கர் செயலி ஆங்கிலத்தில் இருந்தது, தரப்பட்ட போன் அதைத் தாங்கவில்லை என்பவை அவர்களுடைய குறைகள். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத் தளங்களிலும் கட்டாயமாக்கப்பட்ட வருகைப்பதிவுச் செயலி, ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்றச் சொன்னது. சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் மண் சுமந்தவர்களுக்குப் படம் ஏறாவிட்டால் கூலி தகராறானது. முறைகேட்டை ஒழிப்பதாகச் சொல்லி வந்த அதே செயலியில் படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பியது. ஏமாற்றுகிறவன் வழி கண்டுபிடித்துவிட்டான். மண் சுமந்தவள்தான் மாட்டிக்கொண்டாள். கண்காணிப்பதற்காக மட்டும் கட்டப்படும் கருவிகள் இப்படித்தான் முடியும்.

தமிழ்நாட்டு அரசுக்கு மாற்று வழி தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 2023இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கிய முறை அதற்குச் சான்று. ரேஷன் கடைப் பணியாளர்கள் வீடு தேடி வந்து விண்ணப்பத்தையும் டோக்கனையும் கொடுத்தார்கள். எந்த நாளில் எந்த முகாமுக்கு வர வேண்டும் என்பது டோக்கனிலேயே இருந்தது. செயலியில் பதிவு செய்தவர்கள் தன்னார்வலர்கள்; பெண்கள் காகிதத்தோடு வந்தால் போதும் என்றிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்கள் அதில் சேர்ந்திருந்தார்கள். கணினி உள்ளே இருக்கட்டும், மக்கள் முன்னால் மனிதர் இருக்கட்டும் என்ற ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது.

அதே திட்டத்தில் மறுக்கப்பட்டவர்களுக்கு நடந்ததையும் பார்க்க வேண்டும். மறுப்பும் காரணமும் போனில் குறுஞ்செய்தியாக வந்தன. மேல்முறையீடு செய்ய 30 நாள் கெடு. வழி இ-சேவை மையம். கொடுப்பதற்கு வீட்டு வாசலுக்கு வந்த அரசு, மறுப்பதற்கு ஒரு வரியை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. எண் மகனுடையது என்றால் அந்த வரி எங்கே போயிருக்கும்? இல்லை என்று சொல்லும் இடத்தில்தான் ஓர் அரசின் பண்பு தெரியும். வாழ்த்துச் செய்திக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. மறுப்புக்குத்தான் எதிரே உட்கார்ந்து விளக்கம் சொல்லும் ஓர் ஆள் வேண்டும்.

2025 ஜூலை 15 அன்று தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். மாநிலம் முழுவதும் 10,000 முகாம்கள் திட்டமிடப்பட்டன. நகர்ப்புறங்களில் 13 துறைகளின் 43 சேவைகள், ஊரகப் பகுதிகளில் 15 துறைகளின் 46 சேவைகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்கெனவே இணைய வழி இருந்தது. பத்தாண்டுக்கு மேல் இணையதளங்களும் செயலிகளும் கட்டிய பிறகும் மக்கள் பிளாஸ்டிக் பையில் ஆவணங்களைச் சுருட்டிக்கொண்டு பந்தலில் வரிசையில் நின்றார்கள். அன்றைய ஆளும் கட்சி இதைச் சாதனை என்றது, எதிர்க்கட்சிகள் விளம்பரம் என்றன. இரண்டு தரப்பும் கவனிக்கத் தவறியது, அந்த வரிசைதான் இணைய ஆட்சிக்கு மக்கள் போட்ட மதிப்பெண் என்பதை. முகாம் பந்தலில் கிடைத்தது என்ன? எதிரே உட்கார்ந்து ஒருவர் மனுவைப் படித்தார், குறையைச் சொன்னார், ரசீது கொடுத்தார், 45 நாளில் பதில் என்று தேதி சொன்னார். அதை அன்றாட ஏற்பாடாக்காமல் திருவிழாவாக நடத்தியதுதான் குறை.

இங்கே ஒரு பழைய தீர்ப்பை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. அது இந்த மண்ணில் பிறந்த வழக்கில் வந்தது. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன நியாயம் இன்றும் இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிக்கல். கெடுதல் வருமுன் காக்க வேண்டும். கெடுத்தவர்தான் விலை கொடுக்க வேண்டும். தன் செயலால் கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அதைச் செய்பவருடையது. கிணறு கெட்டுப்போன விவசாயி ஆய்வுக்கூடம் வைத்து நிரூபிக்கத் தேவையில்லை. ஆலைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும்.

இந்த மூன்று நியாயங்களையும் அரசின் செயலிகளுக்கு நேராக நிறுத்திப் பாருங்கள். இன்று எல்லாம் தலைகீழாக இருக்கிறது. முதலில் திறந்துவிடுகிறார்கள், கெடுதலைப் பிறகு பார்த்துக்கொள்கிறார்கள். தவறின் விலையைத் தவறு செய்யாதவர் கட்டுகிறார். உயிரோடு இருப்பதை, தான் தான்தான் என்பதை, அப்பா பெயர் இதுதான் என்பதைக் குடிமக்கள் திரும்பத் திரும்ப நிரூபித்துக்கொண்டே இருக்கிறார்கள். செயலி எல்லோருக்கும் வேலை செய்கிறது என்பதை அரசு ஒருமுறைகூட நிரூபிக்க வேண்டியதில்லை. தோல் ஆலைக்குச் சொன்ன நியாயம், அதற்கு உரிமம் கொடுத்த அரசுக்கும் பொருந்த வேண்டாமா?

உச்ச நீதிமன்றம் இந்தத் திசையில் நகர்ந்துதான் இருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, பாலாற்று மாசு பற்றி மறுபடியும் கடுமையாகப் பேசி, இழப்பீட்டையும் மீட்புப் பணியையும் வலியுறுத்தியது. அதே இரு நீதிபதிகள் ஏப்ரல் 30 அன்று இன்னொரு வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். அமிலவீச்சால் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும், கண்ணைச் சிமிட்டிக் காட்டச் சொல்லும் இணைய அடையாளச் சோதனையைத் தாண்ட முடியாமல் நின்ற வழக்கு அது. மின்வழிச் சேவையை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றார்கள். அதற்கு முந்தைய நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகள் வெறும் அறிவுரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. எனவே இது இனி சலுகைப் பேச்சு இல்லை. உரிமைப் பேச்சு.

கொரோனாக் காலத்தில் இதே பாடத்தை நாடே படித்தது. 2021 மே மாதம் 18 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தடுப்பூசி தொடங்கியபோது, கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயம் என்றார்கள். வேகமான இணையமும் விரலும் உள்ளவர்கள் கிராமத்து மையங்களின் இடங்களையும் பிடித்துக்கொண்டார்கள். போன் இல்லாதவர் கதி என்ன என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. பிறகுதான் நேரில் வருவோருக்கும் வழி திறந்தது. தளம் இந்திய மொழிகளுக்கு மாறியது ஜூனில். அந்த முதல் பட்டியலில் தமிழ் இல்லை, எதிர்ப்பு எழுந்த பிறகு சேர்ந்தது. உயிர் காக்கும் ஊசிக்கே இப்படி என்றால் பட்டா மாறுதலுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாடுகளிலும் இடறியவர்கள் உண்டு. இடறியதிலிருந்து கற்றவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1 அன்று திறந்த மருத்துவக் காப்பீட்டுத் தளத்தில் முதல் நாள் முழுக்கப் பதிவு செய்ய முடிந்தவர்கள் ஆறே பேர். பல நிறுவனங்கள் பகுதி பகுதியாகக் கட்டிக் கொடுத்தன. முழுதாக இணைத்து, மக்கள் பயன்படுத்துவதுபோல் சோதிக்க நேரம் ஒதுக்கப்படவில்லை. பிரிட்டன் வேறு வழி எடுத்தது. துறைக்கொரு தளம் என்றிருந்ததை ஒடுக்கி, 2012 அக்டோபரில் திறந்த ஒரே தளத்துக்குள் படிப்படியாகக் கொண்டுவந்தது. மக்கள் எதைத் தேடி வருகிறார்கள் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது அதைக் கட்டிய குழுவின் முதல் விதி. ஆளுக்கொரு செயலி கட்ட ஆசைப்பட்ட துறைகளிடம் 2013இல் அந்தக் குழு, செயலி வேண்டாம், எந்தப் போனிலும் திறக்கும் எளிய பக்கம் போதும் என்று சொன்னது. அமைச்சர்கள் பொத்தானை அழுத்தித் தொடங்கி வைக்க ஏதாவது வேண்டும் என்பதற்காகவே செயலிகள் பிறக்கும் நம் நாட்டில் அந்தக் கண்டிப்பு உடனே தேவை. நெமிலியிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கும் ஆந்திரம், 2025 ஜனவரியில் 161 சேவைகளை வாட்ஸ்அப்பில் திறந்தது. மக்கள் ஏற்கெனவே புழங்கும் இடத்துக்கு அரசு போவது நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பக்கம் பதில் சொல்ல ஓர் அதிகாரியின் பெயரும் ஒரு கெடுவும் இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பும் இன்னொரு பூட்டிய கதவுதான்.

தகவலை மக்களிடம் கொண்டுசேர்க்கப் புதுச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைக்கு 1997இலேயே சட்டம் இயற்றி மாநிலங்களுக்கு வழிகாட்டியது தமிழ்நாடு. 2005இல் வந்த ஒன்றியச் சட்டத்தின் நான்காம் பிரிவு, யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் தாமாகத் தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. செலவு, உள்ளூர் மொழி, அந்தப் பகுதியில் எது நன்றாகச் சென்று சேருமோ அந்த வழி ஆகியவற்றைக் கருத்தில் கொண்டே பரப்ப வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, ஒலிபரப்பு, இணையம் என்று வழிகளை வரிசையாகக் குறிப்பிட்டிருக்கிறது. இணையம் அவற்றில் ஒன்று. மற்றவற்றை நிறுத்திவிட உரிமம் அன்று.

நெமிலியில் நன்றாகச் சென்று சேரும் வழி எது என்று கண்டுபிடிக்க ஆலோசனை நிறுவனம் தேவையில்லை. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, மனித மாண்பைக் காக்கத் தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லிக் கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதியபோது, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொன்னார். சரியான முடிவு. அந்த ஒலிபெருக்கி இன்று குப்பை வண்டியிலும் இருக்கிறது. காலையில் ஒவ்வொரு தெருவுக்கும் வருகிறது. பாட்டுப் போடுகிறது, மக்கும் குப்பை மக்காத குப்பை என்கிறது. இன்று தண்ணீர் எத்தனை மணிக்கு, எந்தத் தெருவுக்கு மோட்டார் ரிப்பேர், வி.ஏ.ஓ. எங்கே, முதியோர் பணம் நின்றவர்கள் யாரைப் பார்க்க வேண்டும் என்று அதே வண்டி சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. சொல்லும்படி யாரும் அதற்கு உத்தரவிடவில்லை, அவ்வளவுதான்.

தண்ணீரைப் பற்றிய தகவலில் இன்னொரு பெரிய கடன் நிற்கிறது. கடும் மாசு தரும் 17 வகைத் தொழில்கள் தங்கள் கழிவை இணையம் வழியே தொடர்ந்து கண்காணிக்கும் கருவிகளை வைக்க வேண்டும் என்று மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவிட்டது. தோல் பதனிடுதல் அந்த 17இல் ஒன்று. எண்கள் கருவியிலிருந்து வாரியத்துக்குப் போகின்றன. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் மாண்ட மாவட்டம் இது. தன் போர்வெல் தண்ணீரைக் குடிக்கலாமா, மாட்டுக்குக் காட்டலாமா என்பதை, கிணற்றுக்காரருக்குப் புரியும்படி அவர் தெருவிலேயே எழுதிப் போட வேண்டாமா? மக்களிடமிருந்து கைரேகை வரை வாங்கிக்கொள்ளும் அரசு, மக்களுக்குத் தர வேண்டிய எண்ணை மட்டும் எதற்கு உள்ளே வைத்திருக்கிறது?

எல்லோரிடமும்தான் செல்போன் இருக்கிறதே, யூடியூப் பார்க்கிறார்களே, கூகுள் பே செய்கிறார்களே, அரசுச் செயலி மட்டும் எப்படிக் கஷ்டமாகும் என்று அதிகாரிகள் கேட்பதுண்டு. கேள்வியிலேயே விடை இருக்கிறது. பூக்காரம்மாவும் பால்காரரும் பணம் அனுப்பப் பழகியது அது எளிதாக இருந்ததால். தவறினால் ஆள் வேறு செயலிக்குப் போய்விடுவார் என்று கட்டியவர்களுக்குப் பயம் இருந்ததால். பணம் வந்து சேர்ந்ததை வாய்விட்டுச் சொல்லும் பெட்டியைக் கடைக்காரருக்காகச் செய்து கொடுத்தார்கள். தாசில்தார் ஆபீசுக்குப் போட்டி கடை கிடையாது. போட்டி இல்லாத இடத்தில் அந்தப் பயத்தைச் சட்டமும் பொதுமக்கள் கண்ணும்தான் உண்டாக்க வேண்டும்.

இனி வரப்போவதையும் நினைக்க வேண்டும். நெமிலிக்கு அருகே பனப்பாக்கம் சிப்காட்டில் 2024 செப்டம்பர் 28 அன்று டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முதலீடு 9,000 கோடி ரூபாய். அதே ஆண்டு டிசம்பரில் தைவானின் ஹாங் ஃபூ காலணி ஆலைக்கும் அடிக்கல் விழுந்தது; 25,000 பேருக்கு வேலை என்றது அரசு. அவர்களில் மிகப் பலர் சுற்றுக் கிராமங்களின் பெண்களாக இருப்பார்கள். ஆலைக்கு நிலமும் சாலையும் மின்சாரமும் எத்தனை நாளில் வேண்டும் என்று முதலீட்டாளரைப் பலமுறை கேட்டு ஏற்பாடு செய்த அரசு, அங்கே ஷிப்டில் நிற்கப்போகும் பெண் எந்த நேரத்தில், எந்த வழியில் தன் சான்றிதழைப் பெறுவாள் என்று அவளை ஒருமுறை கேட்குமா? முதலீட்டாளருக்கு ஒற்றைச் சாளரம் உண்டு. தொழிலாளிக்கு இன்னும் இருபது ஜன்னல்.

எனவே சில கோரிக்கைகள். எந்தச் சேவையும் மாநிலமெங்கும் திறக்கப்படுமுன் நெமிலி போன்ற ஒரு பேரூராட்சியில், அதைப் பயன்படுத்தப்போகும் முதியவர், மாற்றுத்திறனாளி, தோல் தொழிலாளி, ரேஷன் கடைப் பணியாளர், இ-சேவை மையத்துக்காரர் முன்னால் வைத்துச் சோதிக்கப்பட வேண்டும். எத்தனை பேரால் யார் துணையும் இன்றி முடிக்க முடிந்தது என்பது வெளியிடப்பட வேண்டும். முடியாதவர்களுக்குக் காகித வழியும் நேர்வழியும் உரிமையாகவே இருக்க வேண்டும். அதிகாரி தயவில் விடக் கூடாது. ரேகை விழாததும் பெயர் பொருந்தாததும் மறுக்கக் காரணமாகக் கூடாது; அடையாளம் காண வேறு வழி தேட வேண்டியது அலுவலகத்தின் வேலை. மறுப்பு எதுவானாலும் தமிழில், காரணத்தோடு, திருத்தும் வழியோடு, பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் பதவிப் பெயரோடு எழுத்தில் வர வேண்டும். புகார் தீர்ந்தது என்று மூடும் அதிகாரம் புகார் கொடுத்தவரிடமே இருக்க வேண்டும். சாக்கடை தேங்கியிருக்க செல்போனில் ‘தீர்க்கப்பட்டது’ என்று செய்தி வருவது பொய்ச்சாட்சிக்குச் சமம். அலுவலகத்தின் பிழையால் மனு திரும்பினால் மறுகட்டணம் கூடாது, கட்டிய பணம் திரும்ப வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது தாலுகா ஆபீசும் பேரூராட்சி ஆபீசும் ஷிப்டு முடிந்து வருவோருக்காக மாலையில் திறந்திருக்க வேண்டும்.

கெடு தவறிய அதிகாரி அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்லும் சேவை பெறும் உரிமைச் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010இலேயே கொண்டுவந்தது. கர்நாடகமும் கேரளமும் பின்தொடர்ந்தன. தமிழ்நாட்டிலோ அது நெடுங்காலம் கோரிக்கையாகவும் தேர்தல் வாக்குறுதியாகவும்தான் நின்றது. அந்தச் சட்டம் இல்லாமல் எத்தனை செயலி வந்தாலும் பொறுப்பு யார் தலையிலும் இறங்காது.

இவற்றில் ஒன்றுகூடப் பெரும் பணம் கேட்பதில்லை. கேட்பது மனம் மாறுவதை. மக்கள் பழகிக்கொள்வார்கள் என்று சொல்லும் அதிகாரம், மக்களிடம் பழகத் தன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. தோல் ஆலைக்கு 1996இல் வைத்த அளவுகோலை அரசு தனக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு செயலியால் ஒருவருக்கு அரிசியோ ஓய்வூதியமோ சான்றிதழோ நின்றுபோனால், அது அவருடைய தவறு என்று நிரூபிக்கப்படும் வரை அரசின் தவறுதான். அதுவரை அவருக்கு உரியது நிற்கக் கூடாது. இதை ஏற்காத எந்த அரசும், எந்தக் கட்சியுடையதானாலும், எத்தனை விருது வாங்கிய செயலியை வைத்திருந்தாலும், தன் மக்களுக்கு அநீதி செய்கிறது என்பதே எமது தீர்ப்பு.